ஒன்பது இடங்களும் ஒரு கோட்டும்

கூர் நகரத்தில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறேன். ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கீழே தெருவில் அடுத்த வீட்டுக்காரர்கூட முகம் பார்க்காமல்தான் போவார். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் எதிர்ப்பட்டால், முன்பின் தெரியாதவர்களுக்கும் "குறூட்சி" என்று வாய்நிறைய வணக்கம் சொல்லுவார். எத்தனை மீற்றருக்கு மேலே போனால் மனிதனுக்கு மனிதன் கண்ணில் படத் தொடங்குகிறான் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். "மேலை சனம் குறைவெல்லோ. விழுந்தால் தூக்கிறதுக்கு ஆள் வேணும், அதுதான்" என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். அவள் பகிடிக்குத்தான் சொன்னாள்.

ஒவ்வொரு கோடையும் லண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் உறவுக்காரர் வந்து இறங்குவார்கள். சுவிஸ் என்றால் மலை, மலை என்றால் எங்கள் கிறபுண்டன் மாநிலம், அங்கே சம்பளமில்லாத வழிகாட்டி நான். எனக்கு எல்லாம் மனப்பாடம். லான்ட்வாசர் பாலத்தில் ரெயில் வளைந்து நேரே பாறைக்குள் புகும், அப்போது இடதுபக்க ஜன்னலா வலதுபக்க ஜன்னலா என்று முதலே இடம் பிடித்துக் கொடுப்பேன். கௌமா ஏரியின் பச்சையைப் பார்த்து, "இது என்ன, சாயம் கலக்கிறவங்களோ?" என்று கேட்காத சித்தப்பா இல்லை. அரோசா ரெயில் கூரின் தெருவுக்குள்ளாலேயே பஸ் மாதிரிப் போகும். வியா மாலாப் பள்ளத்தில் படியிறங்கினால் றைன் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிற சத்தத்தில் கதைக்கவே முடியாது. சென் மொறிற்ஸில் மலையைப் பார்க்க வந்தவர்கள் மணிக்கூட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மத்தியானம் எங்கே இருந்தாலும் றோல்ஸ், பற்றிஸ் பெட்டி திறக்கும். ஒரேயொரு இடத்துக்கு மட்டும் நான் ஒருவரையும் கூட்டிப்போனதில்லை. ஸ்புளூகன் கணவாய் பற்றி ஆராவது கேட்டால், "றோட்டுத் திருத்துகினம்" என்று சொல்லிவிடுவேன். முப்பத்தைந்து வருடமாக அந்த றோட்டைத் திருத்துகிறார்கள்.

இந்த ஆடியில் ரொறன்ரோவிலிருந்து வசந்தி வந்தாள். தேவனின் தங்கச்சி. தேவன் என்னோடு அகதி முகாமில் ஒரே அறையில் இருந்தவன், இங்கேயே செத்துப்போனவன். வசந்தியை அதற்குமுன் நான் நேரில் கண்டதே இல்லை. அவளுடைய கலியாணத்துக்கும் பிறகு மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கும் அழைப்பு வந்தது, ரண்டு முறையும் "லீவு கிடைக்கேல்லை" என்று சொல்லித் தப்பினேன். ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்கிறவனுக்கு லீவு கிடைக்காது என்றால் ஆரும் நம்புவார்கள். இப்போது அவள் என் வீட்டு மேசையில் ஒரு அல்பத்தை விரித்து வைத்தாள். ஒன்பது படங்கள்.

"அண்ணை, எனக்கு வேறை ஒரு இடமும் வேண்டாம். தேவண்ணா நிண்ட இந்த ஒன்பது இடத்திலையும் நானும் ஒருக்கால் நிக்கோணும். அம்மாவும் அதைத்தான் சொல்லி விட்டவ."

"அம்மா எப்பிடி இருக்கிறா?"

"எண்பத்தாறு. எழும்பி நடக்கேலாது. ஆனா நினைவெல்லாம் கத்தி மாதிரி."

ஒன்பதில் ஆறு படத்தில் தேவன் சிரித்துக்கொண்டு நின்றான். கடைசி மூன்று படத்திலும் முகம் இல்லை, முதுகுதான். கோட்டுப் போட்டவன் ஒருவன் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்த முதுகு என்னுடையது.

அந்தக் கோட்டின் கதையை இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். தூசிஸ் என்ற சிறு நகருக்கு மேலே ஒரு கிராமத்தில் எங்கள் முகாம். ஒரு அறையில் ஐந்து பேர். ஊருக்குப் படம் அனுப்பவேண்டும், அதுதான் அந்தக் காலத்துச் சுகச்செய்தி. கிழிந்த ஸ்வெற்றரோடு நின்று படமெடுத்து அனுப்பினால் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். அதனால் ஐந்து பேரும் சேர்ந்து பழைய உடுப்புக் கடையில் ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டு வாங்கினோம். கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கும். பக்கத்தில் ஒரு தாளில் முறை எழுதி ஒட்டியிருந்தோம்: இந்த ஞாயிறு இன்னாருக்கு, அடுத்த ஞாயிறு இன்னாருக்கு. முறைக்காரன் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒரு நல்ல இடத்துக்குப் போவான், மற்றவன் கமராவோடு பின்னால் போவான். அரோசாவில் நாங்கள் நின்ற படத்தையெல்லாம் பார்த்துவிட்டு, எங்கட பொடியள் அரோசாவிலைதான் இருக்கிறாங்கள் என்று ஊரில் சொன்னார்களாம். தேவன் ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் இடத்தின் பெயரை எழுதி, கீழே "நான் சுகம், குளிர் பழகிவிட்டது" என்று எழுதுவான். குளிர் அவனுக்குக் கடைசிவரை பழகவில்லை.

முதல் இரண்டு நாளும் வசந்தியோடு லான்ட்வாசர், கௌமா, அரோசா, வியா மாலா என்று அலைந்தேன். அவள் எங்களுடைய வழக்கமான ஆட்கள் மாதிரி இல்லை. இயற்கையைப் பார்த்து வாய்பிளக்கவில்லை. படத்தைக் கையில் பிடித்து, பின்னால் தெரிகிற சிகரத்தை அதோடு ஒப்பிட்டு, இரண்டடி இடப்பக்கம், ஒரு அடி பின் என்று நகர்ந்து, தேவன் கால் வைத்த அதே இடத்தில் போய் நிற்பாள். அரோசாவில் அந்த இடத்தில் இப்போது ஒரு வாங்கு போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்திருந்த கிழவர், இவள் உட்கார இடம் கேட்கிறாள் என்று நினைத்து ஒதுங்கி, வாங்கைத் தட்டிக் காட்டினார். வசந்தி வாங்கின் மேலே ஏறி நின்றாள். மனிதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் "குறூட்சி" என்றேன், வேறு என்ன சொல்ல? அவள் அழவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு இடத்திலும் யாரோ பின்னால் கமராவோடு நிற்கிற மாதிரி இருந்தது, இரண்டு முறை திரும்பியும் பார்த்தேன்.

முகாமில் இருந்த அந்த வருடம் ஐப்பசியில் தேவனுக்கு நெகற்றிவ் வந்தது. அகதிக் கோரிக்கை நிராகரிப்பு. திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவனைத் தின்றது. இத்தாலியில் ஒரு மச்சான் இருக்கிறான், மலைக்கு அந்தப்பக்கம் போய்விட்டால் போதும் என்று கதைத்துக்கொண்டிருந்தான். வரைபடத்தை விரித்துப் பெருவிரலால் அளந்தான். "சாவகச்சேரியிலை இருந்து கொடிகாமம் போற தூரம்தான், அண்ணை. சைக்கிள்கூட வேண்டாம்." நாங்கள் தட்டை நிலத்துச் சனம். பனை மரத்தைவிட உயரமாக ஒன்றையும் கண்டதில்லை. தூரம் என்றால் நீட்டில்தான் போகும் என்று நினைத்தோம், மேலேயும் போகும் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. அது வெறும் கதை என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவன் என்னிடம் கேட்டான். "அண்ணை, நாளைக்குக் கோட்டை எடுக்கட்டோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஞாயிறு என்ர முறை. நீ கொண்டுபோய் ஊத்தையாக்கிப்போட்டு வருவாய். ஆணியிலை கிடக்கட்டும்."

எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. கேட்கவில்லை. "சரியண்ணை, உங்கட முறைதானே" என்று சிரித்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆள் இல்லை. ஆணியில் கோட்டு இருந்தது. ஞாயிறு காலை நான் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் தலையிழுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் பொலிஸ் வந்தது. கணவாய் றோட்டில் பனி தள்ளுகிறவர்கள் அவனைக் கண்டெடுத்திருந்தார்கள். உடம்பில் ஒரு ஸ்வெற்றர் மட்டும். எரித்த சாம்பலை நாங்கள் நாலு பேரும் றைன் ஆற்றில் கரைத்தோம்.

அந்தத் தாய்க்கு எப்படிச் சொல்லுவது? முந்தின வருடம்தான் மூத்த மகனைச் சண்டையில் பறிகொடுத்திருந்தா. கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வெளிக்கிட்டோம். நானும் தேவனும் ஒரே உயரம். கோட்டைப் போட்டு என்னை முதுகுகாட்டி நிற்கவைத்துப் படமெடுத்தோம். பின்பக்கத்தில் அவனுடைய எழுத்தைப் பார்த்துப் பார்த்து "நான் சுகம்" என்று எழுதினது என் கைதான். மாரியில் இரண்டு படம். தாயிடமிருந்து பதில் வந்தது: "வெளியிலை போகேக்கை கோட்டைப் பூட்டிக்கொண்டு போ, தம்பி." அந்த வரியைப் படித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. பனி கரைந்து கணவாய் திறந்ததும் மேலே போய்க் கற்பூரம் கொளுத்தினோம், மூன்றாவது படம் அங்கேதான் எடுத்தது. அதோடு எங்களால் முடியவில்லை. காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் நோகாமல் போய்விட்டான் என்று எழுதிப் போட்டோம். கோட்டு என்னிடமே தங்கிவிட்டது. எத்தனை வீடு மாறினேன், அதுவும் கூடவே ஒவ்வொரு நிலவறைக் கெல்லருக்கும் வந்தது. முதல் பனி விழுகிற நாளில் கீழே போய்த் தொட்டுப் பார்ப்பேன். சில வருடம் அது நனைந்தமாதிரி இருக்கும். கெல்லர் என்றால் ஈரம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மேலே ஏறுவேன்.

கடைசி நாள் ஸ்புளூகன் மிச்சமிருந்தது. "அங்கை றோட்டு..." என்று தொடங்கினேன். "திறந்திருக்கண்ணை, போனிலை பாத்திட்டன்" என்றாள் வசந்தி. இனி ஒளிக்க இடமில்லை என்று தெரிந்தது. கெல்லரிலிருந்து கோட்டை எடுத்துக் காரின் பின்பெட்டியில் வைத்தேன். என்னவென்று மனைவி கேட்கவில்லை. றோட்டு வளைவு வளைவாக மேலே ஏறியது. அவன் நடந்த ஒவ்வொரு வளைவையும் நான் எண்ணிக்கொண்டு போனேன், பிறகு எண்ணிக்கை பிசகிவிட்டது.

மேலே நல்ல வெயில். ஒரு பக்கம் சுவிஸ், எல்லைக்கல்லுக்கு அங்காலே இத்தாலி. கோட்டைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தேன். எதிரே தடியூன்றி வந்த ஒரு அம்மையார் வணக்கம் சொல்லி, இன்றைக்கு மழை வராது, இவ்வளவு பெரிய கோட்டு எதற்கு என்று சிரித்தார். "இது எனக்கில்லை" என்றேன். அவர் வசந்தியின் மெல்லிய சட்டையைப் பார்த்துவிட்டு, என் கையிலிருந்த கோட்டை உரிமையோடு எடுத்து அவள் தோளில் போர்த்தி, காற்றை நம்பவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வசந்தி கோட்டின் கையைத் தடவிப் பார்த்தாள், பிறகு அல்பத்தைப் பார்த்தாள்.

"இது அந்தக் கோட்டோ, அண்ணை?"

அந்த இடத்தில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. இந்த றோட்டு, இந்தக் குளிர். கேட்டான், நான் குடுக்கேல்லை. என்ர முறை எண்டு சொன்னன். பிறகு அந்தப் படத்திலை நிண்ட முதுகு நான்தான் எண்டும் சொன்னன்.

அவள் கோட்டைக் கழற்றி நெஞ்சோடு பிடித்தாள். பிறகு வெடித்தாள். "விசரன்! ஆணியிலை தொங்கினதை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாமே! களவெண்டு ஆர் சொல்லப்போறது? எங்கட வீட்டிலை ஒரு சைக்கிள், மூண்டு பிள்ளையள். முறை தவறித் தொட்டால் அம்மா பூவரசந் தடி முறிப்பா. அந்த அடிதான் அவனை இங்கை கொண்டிட்டுது." அவள் அழுத அழுகையை நான் எழுதமாட்டேன். நானும் அழுதேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள். "அண்ணை, முதல் முதுகுப் படம் வந்த அண்டைக்கே அம்மாக்குத் தெரியும். தேவண்ணாக்கு இடத்தோள் கொஞ்சம் பதிஞ்சு சாஞ்சிருக்கும். படத்தைப் பாத்த உடனை, இது என்ர பிள்ளையில்லை எண்டா. கிணத்தடியிலை போய் முழுகினா. ஊருக்குச் சொல்லேல்லை. ஆரோ பெத்த பிள்ளை பயந்துபோய் நிக்குது, அதை வெருட்டக்கூடாது எண்டவ."

"அப்ப அந்தக் கடிதம்? கோட்டைப் பூட்டிக்கொண்டு போ எண்டு..."

"தேவண்ணாவை அம்மா ஒருநாளும் தம்பி எண்டு கூப்பிட்டதில்லை. அது உங்களுக்கு எழுதினது."

முப்பத்தைந்து வருடம் அந்த வரியை இறந்தவனுக்கு வந்தது என்று சுமந்திருக்கிறேன். எல்லைக்கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா என்னை அனுப்பினது இதுக்குத்தான்" என்று வசந்தி போனை எடுத்தாள். "அந்த முதுகுகாட்டி நிக்கிற பிள்ளையின்ர முகத்தை ஒருக்கால் எனக்குக் காட்டு, கண் மூடமுந்திப் பாக்கோணும் எண்டு சொன்னவ. போடுங்கோ கோட்டை."

போட்டேன். ஆடி வெயிலில் வேர்த்து ஊற்றியது. வயிறு விடவில்லை, பொத்தான் பூட்ட முடியவில்லை. "ஒண்டாவது பூட்டுங்கோ, அம்மா பாப்பா" என்றாள். மூச்சை இழுத்து மேல் பொத்தானை மட்டும் பூட்டினேன். ஒரு கால் சுவிஸில், ஒரு கால் எல்லைக்கோட்டுக்கு அங்காலே. ஏன் இன்னும் படம் எடுக்கிறாளில்லை என்று நினைத்தேன்.

"அண்ணை" என்றாள் பின்னாலிருந்து. "இனித் திரும்புங்கோ."

அப்போதுதான் தெரிந்தது, என்னையறியாமல் பழையபடி இத்தாலியைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பினேன்.