இரண்டாவது கயிறு

இதைக் கட்டுக்கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அன்று அந்த அறையில் கயிறு பிடித்து நின்ற ஐந்து பேரில் நானும் ஒருவன். என் காதால் கேட்டேன்.

என் பெயர் நார்மன். ஓய்வுபெற்ற தபால்காரன். எங்கள் ஊர் தேவாலயத்தில் ஆறு மணிகள். கோபுரத்தின் அடியில் ஆறு பேர் வட்டமாக நின்று, ஆளுக்கொரு கயிறு இழுப்போம். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தப்பாமல் ஒலிக்க வேண்டும். முதல் மணி என் நண்பன் கிளிஃபோர்டுக்கு. இரண்டாவது அவன் மனைவி டோரீனுக்கு. மூன்றாவது எனக்கு.

டோரீன் பிப்ரவரியில் இறந்துபோனாள். வியாழக்கிழமைப் பயிற்சிக்குத் தனியாகக் கார் ஓட்டி வந்தாள். உறைபனியில் வண்டி சறுக்கி மரத்தில் மோதிவிட்டது. அதன்பிறகு கிளிஃபோர்ட் கயிற்றைத் தொடவேயில்லை.

ஆண்டுக்கொரு முறை நாங்கள் வெளியூர் போய், அங்குள்ள மணிகளை அடித்துவிட்டு வருவது வழக்கம். இந்த முறை லிங்கன் நகரம். எங்கள் குழுத் தலைவி பெரில் கிளிஃபோர்டின் வீட்டு வாசலிலேயே போய் நின்றுவிட்டாள்.

"கோட்டப் போட்டுக்க. இல்லன்னா பைஜாமாவோடயே இழுத்துட்டுப் போயிடுவேன்."

கிளம்பினான். ஏப்ரல் முதல் சனிக்கிழமை. காலை 9.12 ரயில்.

லிங்கனில் பேராலயம் குன்றின் உச்சியில் இருக்கிறது. ஏறிப்போகும் கல் பாவிய தெரு செங்குத்து. பெரிலும் மற்ற இருவரும் முன்னால் போய்விட்டார்கள். கிளிஃபோர்ட் பத்தடிக்கு ஒருமுறை நின்றான். திரும்பிப் பார்த்தான்.

"என்னடா, மூச்சு வாங்குதா?"

"இல்ல... அவளுக்கு முட்டி வலிக்கும்ல. நின்னு நின்னுதான்..."

கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி மெல்லச் சொன்னான்.

"அன்னைக்கு நாலு தடவ கூப்பிட்டாடா. மேட்ச் முடியட்டும், நீ போ, பின்னாலயே வரேன்னேன். அவ முகத்தத் திரும்பிக்கூடப் பாக்கல."

நான் அவன் தோளில் கை போட்டு நடந்தேன்.

அப்போதுதான் பின்னால் காலடி கேட்டது. ஒன்று லேசாக... ஒன்று அழுத்தமாக. காலை இழுத்து ஏறுகிற நடை. திரும்பினேன். பின்னால் ஏறி வந்த யாரோ சிலர் வெகு கீழே ஒரு கடை வாசலில் நின்றிருந்தார்கள். பக்கத்தில் யாருமில்லை. மணி 11.20.

பேராலயத்தில் கிளிஃபோர்ட் ஒரு மெழுகுவத்தி ஏற்றினான். எனக்கு மெழுகு வாசம் வரவில்லை. முட்டிக்குத் தடவும் தைலத்தின் வாசம் வந்தது. டோரீனுக்கு அடுத்து நின்று பதினேழு வருடம் முகர்ந்த வாசம். மணி 12.45. நான் யாரிடமும் சொல்லவில்லை.

மதியம் பெரில் அவன் தட்டில் பிளம் ரொட்டியை வைத்தாள். "தின்னு. வெறும் வயித்தோட இழுத்தா கயிறு உன்னை மேல தூக்கிட்டுப் போயிடும்." ஒரு வாய் தின்றான்.

மூன்றரைக்குக் குன்றின் அடியில் ஒரு சின்ன தேவாலயம். அங்கேயும் ஆறு கயிறு. ஒரு பெண்மணி கதவைத் திறந்துவிட்டு, வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

"நாம அஞ்சு பேர்தான். ரெண்டாவத விட்டுடுவோம்" என்றாள் பெரில். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இரண்டாவது கயிறு சுருட்டப்பட்டுச் சுவர்க் கொக்கியில் மாட்டியிருந்தது.

3.40. தொடங்கினோம். கிளிஃபோர்ட் முதல் மணி. பிறகு ஓர் இடைவெளி. பிறகு நான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடைவெளி நெஞ்சில் இடித்தது.

3.47.

இடைவெளி இல்லை.

முதல் மணி... ஒரு மணி... என் மணி. எதிரொலி என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் கேட்டது. அதற்கடுத்ததிலும். ஒரு நூலிழை தாமதமாக. டோரீன் எப்போதும் அப்படித்தான் அடிப்பாள். பெரிலிடம் திட்டு வாங்குவாள்.

கொக்கியைப் பார்த்தேன். கயிறு ஆடவில்லை.

பெரிலின் முகம் வெளுத்திருந்தது. அவளுக்கும் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. ஆனால் யாரும் நிறுத்தவில்லை.

கிளிஃபோர்ட் அழுதுகொண்டே இழுத்தான்.

3.58.

"நிறுத்து!" என்றாள் பெரில்.

ஐந்து மணிகளும் நின்றன.

பிறகு...

டாங்.

ஒன்றே ஒன்று.

கிளிஃபோர்ட் தன் கயிற்றை விட்டுவிட்டு இரண்டாவது கயிறு மாட்டியிருந்த சுவர்ப்பக்கம் திரும்பினான்.

"வந்துட்டேன், டோரீன்" என்றான்.

வீடு திரும்பும் ரயிலில் அவன் மட்டும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினான். இரண்டு மாதமாகத் தூங்காதவன். இப்போது வியாழக்கிழமைகளில் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறான்.

போய்வந்த அடுத்த செவ்வாய்க்கிழமை, நன்றி சொல்வதற்காகப் பெரில், கதவைத் திறந்துவிட்ட அந்தப் பெண்மணிக்கு ஃபோன் செய்தாள். பேச்சோடு பேச்சாக இரண்டாவது மணியைப் பற்றி விசாரித்தாள்.

"ரெண்டாவதா? அது இங்க இல்லையேம்மா. விரிசல் விட்டுப்போச்சுன்னு டிசம்பர்லயே இறக்கி, உருக்கி வார்க்கக் கொடுத்துட்டோம். மேல வெறும் சட்டம்தான் இருக்கு."

கிளிஃபோர்டிடம் நாங்கள் இன்னும் சொல்லவில்லை.