பெரிதாக்கினால் மட்டும் தெரிந்த முள்

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஒரு பிளான்ட்டில் எனக்கு வேலை. மெஷின்களில் பொருத்தியிருக்கும் சென்சார்கள் நாளெல்லாம் எண்களாகக் கொட்டிக்கொண்டே இருக்கும். அவற்றைக் கோடுகளாக வரைந்து, மெயின்டனன்ஸ் ஆபீஸ் சுவரில் இருக்கும் பெரிய டிவியில் காட்டுவது என் பொறுப்பு. கோடுகளை வரைந்து தருவது ஓர் இலவச மென்பொருள். எங்கெங்கோ இருப்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, சேர்ந்து எழுதுவது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம். வார லீவில் நானும் அதில் பிழை திருத்த உட்காருவேன்.

"சம்பளம் இல்லாத வேலைக்கு இன்னாத்துக்குமா இவ்ளோ கோவம்?" என்பார் என் வீட்டுக்காரர். கோபம் வரத்தான் செய்யும். என் பிழைப்பே அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது. அவை தப்பாக வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கும் அதே பிளான்ட்டில்தான் வேலை. எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஒரு பிரஸ்ஸில் ஆபரேட்டர். மேல் அச்சு இறங்கித் தகட்டை அழுத்தும், ஏறிப் போய் மேலே நிற்கும். நின்றதும் அவர் கையை உள்ளே விட்டு பீஸை எடுக்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது யார் பட்டனை அழுத்தினாலும் பிரஸ் இறங்காது, அதற்கு ஏற்பாடு உண்டு. அதனால் நான் பயந்ததே இல்லை.

கொஞ்ச நாளாக அவர் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த பிரஸ்ஸு மூச்சு வுடுதுமா."

"எண்ணெய் மெஷின்னா புஸ்ஸுனு சத்தம் வரத்தான் செய்யும்."

"சத்தம் இல்லமா. மேல நிக்கிது பாரு, அப்போ லேசா ஒரு மூச்சு வுட்டாப்புல. கைய உள்ள வுட்டா தலைக்கு மேல யாரோ நிக்கிற மாரியே கீது. நிமிர்ந்து பாத்தா ஒண்ணுமில்ல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றை டிஃபன் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். மெஷினுக்கு வைத்தாராம். சூப்பர்வைசரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அதற்கு அடுத்த வார லீவு. அவருக்குக் காலை ஷிஃப்ட். குன்றத்தூரில் எங்கள் வாடகை வீட்டில் நான் மட்டும். மென்பொருளின் பிழைப் புகார்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது மிகப் பழைய புகார் ஒன்று கண்ணில் பட்டது. யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: "கோட்டைப் பெரிதாக்கினால் ஒரு முள் தெரிகிறது. முழுதாகப் பார்த்தால் காணாமல் போகிறது. முள் உண்மையா, மென்பொருளின் கோளாறா? யாராவது சொல்லுங்கள். அவசரம்."

அவசரம் என்ற சொல் எங்கள் கூட்டத்துக்கு ஆகாது. இலவசமாக வேலை செய்பவனிடம் வந்து அவசரம் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? கீழே ஒருவர், "இங்கே யாரும் உங்களிடம் சம்பளம் வாங்கவில்லை" என்று எழுதியிருந்தார். இன்னொருவர், "எனக்கு அப்படி எதுவும் வரவில்லை" என்று முடித்திருந்தார். அதற்குப் பிறகு யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கும் எரிச்சல்தான். ஆனால் "எனக்கு வரவில்லை" என்ற பதில் அதைவிட எரிச்சலாக இருந்தது. வரவைத்துக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தேன்.

சோதிக்க எண்கள் வேண்டும். லேப்டாப்பில் பிளான்ட் எண்கள் இருந்தன. வீட்டுக்காரர் நிற்கும் பிரஸ்ஸின் மேல் அச்சு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்ற பதிவை எடுத்தேன். அந்த வாரம் முழுவதையும் வரைந்தேன். இறங்குகிறது, ஏறுகிறது, நிற்கிறது. ஒழுங்கான படிகள். ஓர் இடத்தை மவுஸால் பெரிதாக்கினேன்.

நிற்கிற இடத்தில், நேர்கோட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு முள் தொங்கியது.

பழையபடி ஆக்கினேன். இல்லை. பெரிதாக்கினேன். தொங்கியது. சன்னலுக்கு வெளியே பட்டப்பகல், தெருவில் தண்ணீர் கேன் வண்டி நிற்கிறது. ஆனாலும் எனக்குப் பின்னால் யாரோ நின்று அந்தத் திரையைப் பார்ப்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

கோட்டை விட்டுவிட்டு எண்களையே திறந்தேன். முள் அங்கே இருந்தது. மேலே நிற்க வேண்டிய அச்சு கண்ணிமைக்கும் நேரம் கீழே இறங்கி, திரும்ப ஏறியிருக்கிறது. யாரும் பட்டனை அழுத்தாமல். எப்போது? பீஸை எடுக்க அவர் கையை உள்ளே விடுகிற நேரத்தில். மூச்சு.

ஷிஃப்டில் அவர் போன் லாக்கரில் இருக்கும். கூப்பிட்டுப் பயனில்லை. மெயின்டனன்ஸ் மேனேஜருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

ஆபீஸில் மேனேஜர் சுவர் டிவியைப் பார்த்தார். "எங்கம்மா? ஒண்ணையும் காணோமே."

"பெருசாக்கிப் பாருங்க சார்."

பார்த்தார். முள் வந்தது. சுருக்கினார். போனது. "உன் சாஃப்ட்வேர்லதான்மா பேய் இருக்கு. வந்து வந்து போவுது பாரு. இத நம்பி லைன நிறுத்தச் சொல்றியா?" எண்களையும் காட்டினேன். "ஒரே ஒரு நம்பர். சென்சார் கோளாறு" என்றார். அவரைத் திட்ட வாய்வரை வந்தது. ஆனால் வந்து வந்து போகிற ஒன்றை யார்தான் நம்புவார்கள்?

ஆபீஸ் கண்ணாடி வழியே பிரஸ் லைன் தெரியும்; மேனேஜர் சொல்லாமல் உள்ளே போய் நிறுத்த எனக்கு அனுமதி இல்லை. அவர் முதுகு தெரிந்தது. கை உள்ளே போனது, வெளியே வந்தது. உள்ளே போனது. நான் டிவியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மென்பொருளின் வயிற்றைத் திறந்தேன்.

கோளாறு சின்னதுதான். திரையின் இத்தனூண்டு அகலத்துக்குள் ஆயிரக்கணக்கான எண்கள் நெரிந்தால், வேகமாக வரைவதற்காக அது சிலவற்றை விட்டுவிடும். தனியாக ஒன்று துள்ளினால் அதையும் சேர்த்து விட்டுவிடும். எதை வேண்டுமானாலும் விடு, மிக உயரமானதையும் மிகத் தாழ்ந்ததையும் மட்டும் விடாதே என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை போய்ப் போய் வந்தது. என் விரல்கள் தப்புத் தப்பாகத் தட்டின. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு முறை நிமிர்ந்து அவர் முதுகைப் பார்த்தேன்.

திருத்தி முடித்து, திரும்ப வரையச் சொன்னேன். டிவி ஒரு கணம் வெளுத்தது.

ஒற்றை முள் அல்ல. வாரம் முழுக்க முட்கள். மேலிருந்து பற்கள் போல வரிசையாகத் தொங்கின. திங்கட்கிழமை குட்டையாக, போகப் போக நீளமாக, அன்றைக்குக் காலையில் பாதி உயரத்துக்கு. அத்தனையும் அத்தனை நாளும் அங்கேயே இருந்திருக்கின்றன, அந்த நேர்கோட்டுக்குப் பின்னால். மேனேஜர் எழுந்து லைனை நோக்கி ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

சிவப்பு பட்டனை அழுத்தி பிரஸ்ஸை நிறுத்தினார்கள். எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் வால்வு உள்ளே தேய்ந்து போயிருந்தது. அச்சு நழுவ நழுவ, மெஷினே இழுத்துப் பிடித்து மேலே ஏற்றியிருக்கிறது. இன்னும் எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று மெக்கானிக் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அப்ப பேய் இல்லியா?" என்றார் வீட்டுக்காரர், பஸ்ஸில். குரலில் ஏமாற்றமே இருந்தது.

"பேயா இருந்தா உன் எலுமிச்சம்பழத்துக்கு அடங்கியிருக்கும்" என்றேன். சொல்லிவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்கும்வரை விடவில்லை.

என் திருத்தத்தை மென்பொருள்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். நன்றி, அருமை என்று எழுதினார்கள். அந்தப் பழைய புகாரை முடித்துவைக்க வேண்டியது மட்டும் பாக்கி. திறந்தேன். புகார் எழுதியவர் ஒரு படம் இணைத்திருந்தார். அன்றைக்கு அதை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. படத்தில் இருந்த எழுத்துகள் எனக்குத் தெரியாத மொழி. கோடு தெரிந்தது. இறங்குகிறது, ஏறுகிறது, நிற்கிறது. நிற்கிற இடத்தில் கீழ்நோக்கி ஒரு முள்.

அந்தப் புகாருக்குப் பிறகு அவர் எங்கேயும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

"முள் உண்மை. தயவுசெய்து மெஷினை நிறுத்துங்கள். அவசரம்" என்று எழுதினேன். எத்தனையோ காலம் கழித்து எழுதுகிறோம் என்று தெரிந்தும் எழுதினேன். தினமும் காலையில், டீ டம்ளரைப் பிடித்திருக்கும் வீட்டுக்காரரின் விரல்களைப் பார்த்துவிட்டுத்தான் போனை எடுக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.