கதைச்சாச்சு

இராஜரட்ணத்தைக் கனடாவின் ஸ்காபரோவில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் அல்லர். கார் ஓடப் பழக்கியவர். மோர்னிங்சைட் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவர். கார் பழக வருகிறவர்கள் நிறையக் கதைப்பார்கள். தெருவைப் பார்த்துக்கொண்டே கதைப்பதால் கூச்சம் இருப்பதில்லை. மாமியாரின் வாய், புருஷனின் குடி, மனுசியின் சிடுசிடுப்பு எல்லாம் அவருடைய காதுக்கு வந்து சேர்ந்தன. அதனால் வீடுகளில் பிரச்சினை வந்தபோது அவரிடமே வந்தார்கள்.

அவரிடம் ஒரு முறை இருந்தது. இரண்டு பக்கத்தையும் ஒன்றாக உட்கார வைக்கமாட்டார். ஒருவரைத் தனியாக வீட்டுக்குக் கூப்பிடுவார். மனைவி ரதி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள். அவர் கதைப்பார். தேத்தண்ணி முடிகிறபோது கதையும் முடிந்துவிடும். வந்தவர் போனதும் மற்றப் பக்கத்துக்குப் போன் எடுத்து ஒரே சொல்லில் சொல்வார்: "கதைச்சாச்சு."

ராகுலனும் துவாரகாவும் அவரிடம்தான் கார் பழகினார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் பிரிந்தார்கள். மகள் அட்சயாவுக்கு எட்டு வயது. தாயோடு இருக்க வேண்டும், ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனி, ஞாயிறு தகப்பனிடம் தங்கலாம், மற்றவர் எழுத்தில் சம்மதிக்காமல் பிள்ளையை ஒன்டாரியோ மாகாணத்துக்கு வெளியே கொண்டுபோகக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளை போட்டிருந்தது. கடைசி வரி சும்மா வந்ததல்ல. பிரிந்த புதிதில் ராகுலன் பிள்ளையை அடுத்த மாகாணத்தில், மொன்றியலில் இருந்த தன் தாயிடம் கொண்டுபோய், ஒரு மாதம் துவாரகாவின் போனை எடுக்காமல் இருந்தான். இது மாஸ்டருக்கும் தெரியும்.

இந்த வருடம் மே மாதம் ராகுலனின் தம்பிக்கு மொன்றியலில் கலியாணம். அட்சயாவுக்கு மணமகளின் தோழிச் சட்டை தைத்தாயிற்று. துவாரகா அனுப்ப மறுத்துவிட்டாள். ராகுலன் மாஸ்டரிடம் வந்தான்.

"ரெண்டு நாள் அலுவல், மாஸ்டர். சனி விடியப் போய் ஞாயிறு பின்னேரம் திரும்பிடுவம். நான் கேட்டால் கத்துறாள். நீங்கள் சொன்னால் கேப்பாள்."

"நீ முந்திச் செய்த வேலைக்குக் கத்தாமல் என்ன செய்வாள்?"

"அது அப்ப. இப்ப நான் அப்பிடி இல்லை."

"பாப்பம். கதைச்சுப் பாக்கிறன்."

அவன் போனபின் ரதி அடுப்படியில் இருந்து சொன்னாள்: "கோட் வைச்சு முடிச்ச விசயத்துக்கை நீங்கள் ஏன் போறியள்? உங்களுக்கு ஆரும் ஜட்ஜ் வேலை தந்தவையோ?"

"கோட்டிலை பேப்பர்தான் குடுப்பினம். மனுசரோடை மனுசர்தான் கதைக்க வேணும்."

துவாரகா வேலை முடிந்து, முதியோர் இல்லத்துச் சீருடையோடு வந்தாள். சோபாவின் நுனியில் இருந்தாள். மாஸ்டர் நெடுநேரம் கதைத்தார். கலியாணம் ஒருமுறைதான் வரும், பிள்ளைக்குச் சித்தப்பன் வேண்டும், நாளைக்கு அவளுக்கு ஒரு நல்லது நடக்கிறபோதும் இதே சனம்தான் வந்து நிற்கும் என்றார். அவன் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவதற்குத் தான் பொறுப்பு என்றார்.

"என்ன பிள்ளை, சரிதானே? பிறகு நான் அவனுக்குச் சொல்லுறன்."

துவாரகா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். எழுந்து கோப்பையைக் கொண்டுபோய்த் தொட்டியில் வைத்தாள். "வாறன் அக்கா" என்று ரதிக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

மாஸ்டர் போனை எடுத்தார். "கதைச்சாச்சு. கூட்டிக்கொண்டு போ."

அது பிள்ளை ராகுலனிடம் தங்கும் வாரம். சனிக்கிழமை பின்னேரம், தோழிச் சட்டையோடு அட்சயா நிற்கும் படத்தை யாரோ பேஸ்புக்கில் போட்டார்கள். துவாரகா பொலிசுக்குப் போன் எடுத்தாள். ராகுலன் சொன்னபடி ஞாயிறு பின்னேரம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டான். அது எதையும் மாற்றவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று அவனுக்குக் கடிதம் வந்தது.

"நான் எங்கை மாஸ்டர் அவமதிச்சனான்? அந்த ஜட்ஜுக்கு முன்னாலை நான் கையைக் கட்டிக்கொண்டெல்லே நிண்டனான்."

அவனுடைய லோயர் ஒரு குஜராத்திப் பெண். நீதிமன்றம் போட்டதை நீதிமன்றம்தான் மாற்றலாம், இல்லாவிட்டால் எழுத்தில் சம்மதம் வேண்டும், பெரியவர்கள் கதைத்தது செல்லாது என்று விளங்கப்படுத்தினாள். சிறை மறியல்கூட வரலாம். குறைந்தது, பிள்ளை அவனிடம் இரவு தங்குவது நின்றுபோகும். ஆனால் தாய் ஓமென்று சொன்னதை நம்பித்தான் போனான் என்று காட்டினால் நீதிபதி இரங்கக்கூடும். லோயர் மாஸ்டரிடம் கேட்டாள்: "துவாரகா சம்மதித்தாரா?"

"ஓம்" என்றார் மாஸ்டர். சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தார்.

விசாரணைக்கு முதல் நாள், ரதி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவள் ஓமெண்டு சொன்னவளோ?"

"சொன்ன மாதிரித்தான்."

"மாதிரி எண்டால்?"

"நீயும் உதிலை நிண்டனிதானே."

"நிண்டனான். அதுதான் கேக்கிறன்."

மாஸ்டர் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். வேண்டாமென்றால் வாய் திறந்து சொல்லியிருப்பாளே என்று நினைத்தார். பிறகு, தன் சோபாவில் இருந்து யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தார். ஆண்கள் சிலர் சத்தம் போட்டிருக்கிறார்கள். ஒருவன் கோப்பையை உடைத்திருக்கிறான். பெண்கள் எல்லோரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நீதிமன்ற அறை அவர் நினைத்ததைவிடச் சிறியது. கம்பளத்தில் பழைய கோப்பிக் கறை. மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண் பக்கத்தில் நின்றாள். துவாரகா தலை குனிந்தபடி இருந்தாள். அவளுடைய லோயர் எழுந்தார்.

"அன்று உங்கள் வீட்டில், துவாரகா என்ன சொன்னார்?"

ராகுலன் அவரையே பார்த்தான். ஒரு சொல் போதும். அதை மறுக்க அந்த அறையில் துவாரகாவைத் தவிர யாருமில்லை. ரதியைச் சாட்சிக்கு ஒருவரும் கூப்பிடவில்லை.

"அவ..." என்றார் மாஸ்டர். "அவ ஒண்டும் சொல்லேல்லை."

அது இங்கிலிஷில் போனது. நீதிபதி நிமிர்ந்து கேட்டார்.

"அப்படியானால் சம்மதித்தார் என்று எப்படித் தெரிந்தது?"

"தேத்தண்ணி குடிச்சவ."

மொழிபெயர்ப்பாளருக்கு அது விளங்கியது. எப்படிச் சொன்னால் அவர்களுக்கு விளங்கும் என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அப்படியே சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

"பெரிய ஆள் ஒருத்தர் சொல்லேக்கை எதிர்த்துச் சொல்லாட்டில், எங்கடை ஆக்களிலை அது சம்மதம்தான், ஐயா."

"துவாரகா பயந்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியுமா? முன்பு நடந்தது?" என்று அவளுடைய லோயர் தொடர்ந்தார்.

"தெரியும்."

"அதைப் பற்றி அவரிடம் கேட்டீர்களா?"

"இல்லை."

இடைவேளைக்குப் பிறகு நீதிபதி தீர்ப்பை வாசித்தார். கட்டளை தெளிவானது. ராகுலனுக்கு அது தெரிந்திருந்தது. பிள்ளையின் தாய் ஒருமுறை மறுத்த பிறகு, இன்னொருவரின் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு மாகாணத்தைத் தாண்டியிருக்கிறார். அவமதிப்பு நிரூபணமானது. மறியல் இல்லை. இந்த வருடம் முடியும்வரை பிள்ளை அவரிடம் இரவு தங்காது; சனிக்கிழமைகளில் இரண்டு மணி நேரம், வேறொருவரின் மேற்பார்வையில் மட்டும் பார்க்கலாம்.

ராகுலனின் லோயர் எழுந்தாள். மேற்பார்வை நிலையங்களில் இடம் கிடைக்க மாதக்கணக்காகும். இராஜரட்ணமும் மனைவியும் இரு தரப்புக்கும் தெரிந்தவர்கள், தகப்பனும் பிள்ளையும் அவர்கள் வீட்டில் சந்திக்கலாமா என்று கேட்டாள்.

நீதிபதி துவாரகாவைப் பார்த்தார். லோயரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். "உங்களுக்குச் சம்மதமா?"

மாஸ்டர் பின் இருக்கையில் இருந்து அவளுடைய பிடரியைப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பு முடிய முதலே அவள் தலையை நிமிர்த்திவிட்டாள். "இல்லை. அங்கை வேண்டாம்."

நீதிபதி தலையசைத்து எழுதிக்கொண்டார். அவ்வளவுதான். அடுத்த வழக்குக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் ராகுலன் சுவரோடு நின்றான். "இனி ஆரோ ஒருத்தர் பக்கத்திலை குந்தியிருந்து பாக்க, நான் என்ரை பிள்ளையோடை விளையாட வேணும். அதுவும் இடம் கிடைச்சால்."

மாஸ்டர் தன் மேல்கோட்டைப் போட்டார். கை ஒன்று உள்ளே போகாமல் சிக்கியது. தூரத்தில் துவாரகா லிப்டுக்காக நின்றாள்.

"நான் ஒருக்கால் அவவோடை..."

"மாஸ்டர்." ராகுலனின் குரல் உயரவில்லை. "தயவுசெய்து ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ."

அவன் படியால் இறங்கிப் போனான். லிப்ட் வந்தது, துவாரகா ஏறினாள். மாஸ்டர் கோட்டின் கையைத் தேடிக்கொண்டு அங்கேயே நின்றார்.