கறுப்பு வெள்ளையில் ஒரு பொட்டு

டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அந்த அம்மாவின் பெயரை நான் கேட்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் காசளவு குங்குமம். தூறல் அதைக் கரைக்கும்போதெல்லாம் இடுப்புப் பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்து மறுபடி வைத்துக்கொள்வார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே, மூட்டமான வெளிச்சத்தில் அவரைப் படமெடுத்தேன்.

"சிரிங்கம்மா" என்றேன்.

"எதுக்கு?" என்றார். சிரிக்கவில்லை.

வீட்டில் கணினியில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். முகம் பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்பு நிறமிருந்த இடங்களை மட்டும் நன்றாக வெளுக்கவிட்டேன். பிரிண்ட் போட்டு, பெருமையோடு மலைக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தார்.

"பொட்டு எங்க தம்பி?"

அப்போதுதான் கவனித்தேன். வெளுத்த சிவப்போடு குங்குமமும் போயிருந்தது.

"நிறம் மாத்தும்போது போயிருச்சும்மா."

"என் வீட்டுக்காரரு செத்து எட்டு வருசம். பொட்ட அழின்னு லயத்துல குடியிருக்கிற சனமே ஒத்தக்கால்ல நின்னுச்சு. நான் அழிக்கல. அழிக்கிறதுக்கு நீங்க யாரு?"

பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு பிரிண்ட் தருகிறேன் என்றேன். அவர் காத்திருக்கவில்லை. டப்பாவைத் திறந்து, கொழுந்துக் கறை படிந்த விரலால் படத்தின் நெற்றியில் குங்குமத்தை அழுத்தி வைத்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இதையே எல்லாருக்கும் காட்டுங்க."

அதைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள், அந்தச் சிவப்பை மட்டும் எப்படிக் கொண்டுவந்தாய் என்று கேட்கிறார்கள். நான் அதை அழித்தவன் மட்டும்தான் என்று சொல்கிறேன்.