மூட்டைக்கு முன் ஒரு மூச்சு

ஈரத் துணி மூட்டையைத் தூக்குவதற்கு முன் இஸ்திரி அக்கா ஒரு கணம் நிற்பார். கால்களைச் சற்று அகற்றி, முழங்காலை மடக்கி, மூட்டையின் இரண்டு காதுகளையும் பிடித்துக்கொள்வார். பிறகு உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை வெளியே விடுவார். மூச்சு போகப்போக மூட்டை மேலே வரும். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தாலும் அந்த மூச்சு முடியாமல் நகர மாட்டார்.

"மூட்டைகிட்ட என்னக்கா ரகசியம் பேசுற?" என்று கேலி செய்வார்கள்.

"கனமா இருக்கியா, லேசா இருக்கியான்னு கேட்டேன். உன்னவிட லேசுதானாம்," என்பார்.

அது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடம். கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. மேல்மாடிகளில் நோயாளிகள் படுத்து எழுந்த விரிப்புகள் ஒரு அகலமான குழாய் வழியாகச் சரிந்து இங்கே வந்து விழும். சன்னல் கிடையாது. இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே குரலை ஏற்றித்தான் பேச வேண்டும். சூடான உருளைகள் சுழலும் இஸ்திரி இயந்திரத்தில், விரிப்பின் ஓரம் கோணாமல் உள்ளே விடுவது அக்காவின் வேலை. வெக்கை முகத்தில் அறையும். யாரும் விரும்பாத இடம். அவர் அதைக் கேட்டு வாங்கினார்.

அதற்கு முன் அவர் மடிக்கும் மேசையில் இருந்தார். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனைகளைப் பிடித்து, இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து நடுவில் சேர வேண்டும். அக்காவின் எதிர்முனையில் எப்போதும் நின்ற பெண்ணை எல்லாரும் ரேடியோ என்றார்கள். ஓயாத வாய் என்பதால் அந்தப் பெயர். மேற்பார்வையாளரின் நடை, நர்ஸ் போனில் கொஞ்சுவது, சொந்த மாமியாரின் குறட்டை எல்லாவற்றையும் ரேடியோ செய்து காட்டுவார். கதை உச்சத்துக்கு வரும்போது துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்வார். "இரு, இரு, உக்காந்து சொன்னாத்தான் இது எடுபடும்" என்பார். அதுவும் நடிப்பில் சேர்த்திதான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அக்காவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்ததிலிருந்து ஒரு தொந்தரவு. தும்மினால், கனம் தூக்கினால், சிரித்தால் சிறுநீர் சில சொட்டு கசியும். வயது ஏற ஏற, சொட்டு என்று சொல்ல முடியாமல் போயிற்று. கிழிந்து கழித்துப் போட்ட விரிப்புகளிலிருந்து துண்டு வெட்டி, மடித்து வைத்துக்கொள்வார். வேலைக்குக் கிளம்புமுன் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். ஊரார் நனைத்த விரிப்புகளை முகம் சுளிக்காமல் வெளுப்பவர், தன் துணியை மட்டும் குளியலறைக் கதவைத் தாழிட்டுத் துவைத்தார். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று அவருடைய அம்மா எப்போதோ சொல்லியிருந்தார். அதற்குமேல் யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் மேற்பார்வையாளர் தும்மலை அடக்கிக்கொண்டே எல்லாரையும் திட்டிய காட்சியை ரேடியோ செய்து காட்டினார். விரிப்பைப் பிடித்தபடி நின்ற அக்கா சிரித்தார். நிறுத்த முடியவில்லை. தொடை வழியே சூடு இறங்கித் தரையை நனைத்தது. யாரும் குனிந்து பார்ப்பதற்குள் பக்கத்திலிருந்த வாளியைக் காலால் தட்டிவிட்டார். அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்தவர்போல் அப்படியே உட்கார்ந்தார். எல்லாரும் ஓடி வந்து தூக்கினார்கள். ரேடியோ அவருடைய முழங்காலைத் தேய்த்துவிட்டார். மறுநாள் காலை அக்கா மேற்பார்வையாளரிடம் போய் இஸ்திரி இயந்திரத்தைக் கேட்டார்.

அங்கே பேச்சு இல்லை. சிரிப்பு வரவும் வழியில்லை. சாப்பாட்டு வேளையிலும் தனியே போய் உட்கார்ந்தார். முதுகுக்குப் பின்னால் 'உம்மணாமூஞ்சி' என்றார்கள். ரேடியோவுக்குத்தான் அது தாங்கவில்லை. நேரே வந்து நின்றார்.

"நான் என்னக்கா பண்ணிட்டேன்? வாயத் தொறந்து சொல்லிடு. தப்புன்னா கால்ல விழுந்துடுறேன்."

"ஒண்ணுமில்ல. அங்க நின்னா முதுகு வலிக்குது."

"இங்க நாள் பூரா குனிஞ்சே நிக்கிற. இங்க வலிக்கலையா?"

அக்கா அடுத்த விரிப்பின் ஓரத்தை உருளைக்குள் விட்டார்.

"சரி. வேணாம்னா வேணாம்," என்று ரேடியோ போய்விட்டார். அதன்பின் இருவரும் ஒரே பேருந்தில் வீடு திரும்பினாலும், ஒருவர் முன்னால் ஏறினால் மற்றவர் பின்னால் ஏறினார்.

வெளுத்த துணிகளைத் தள்ளுவண்டியில் மேலே கொண்டுபோகும் வேலை முறைவைத்து எல்லாருக்கும் வரும். நாலாம் மாடியில் லிஃப்டுக்காக வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கும். லிஃப்டுக்கு எதிரே பிசியோதெரபி அறை. அதன் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது சிறுநீர் கசிகிறதா? பயிற்சியால் சரிசெய்யலாம். உள்ளே வந்து பேசுங்கள்.' முதல் தடவை படித்தபோது, கூட்டத்தில் யாரோ தன் பெயரைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டதுபோல் அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். அடுத்தடுத்த தடவைகளில் தாளுக்கு முதுகைக் காட்டி நின்றார். முதுகைக் காட்டினாலும் எழுத்து மனப்பாடம் ஆகியிருந்தது.

ஒரு நாள் அந்தக் கதவு திறந்தது. சின்ன வயதுப் பிசியோ டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"எங்களுக்குத் துண்டு வந்திருக்காக்கா?"

அக்கா எடுத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் நின்றார்.

"இன்னும் ஏதாவது தரணுமா?"

அக்கா கையை நீட்டி, தாளில் 'சிரிக்கும்போது' என்ற சொல்லின்மேல் விரலை வைத்தார்.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் இடுப்பெலும்பை எடுத்து வைத்து விளக்கினார். "மூத்திரப்பை, கர்ப்பப்பை எல்லாத்தையும் கீழேருந்து தாங்குற தசைங்க இதெல்லாம். தொட்டில் மாதிரின்னு வெச்சுக்குங்க. உங்க தொட்டில் தொய்ஞ்சிருக்கு. பிடிச்சுப் பிடிச்சு விட்டா, கை கால் மாதிரி இதையும் பழக்கலாம். ஆனா மாசக்கணக்காகும், பொறுமை வேணும்."

பொறுமைக்குக் குறைவில்லை. தவறு வேறு இடத்தில் நேர்ந்தது. கைமுறையாகத் துணி பிழிந்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருக்கும் உடம்பு அது. பிடி என்றால் அதற்கு முறுக்கிப் பிழிவது என்றே பொருள். வீட்டில் தரையில் பாயை விரித்துப் படுத்து, மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, வயிறு, தொடை, கழுத்து நரம்பு எல்லாவற்றையும் முறுக்கினார். கணவர் எட்டிப் பார்த்தார்.

"யார் மேல இவ்ளோ கோவம்?"

"உங்க மேலதான். கதவச் சாத்திட்டுப் போங்க."

சில வாரங்களில் கசிவு குறைவதற்குப் பதில் கூடியது. அக்கா நாலாம் மாடிக்குப் போய்ச் சண்டைக்கு நின்றார். "உங்க பயிற்சி இருந்ததையும் கெடுத்துடுச்சு."

"எங்க, செஞ்சு காட்டுங்க," என்று டாக்டர் அவர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். "அக்கா, நீங்க துணி பிழியிறீங்க."

"பின்ன?"

"பிழிஞ்சா எல்லாம் கீழதான் தள்ளும். மூச்ச வெளிய விட்டுக்கிட்டே அடியில மட்டும் மெதுவா மேல இழுக்கணும். அப்புறம் முழுசா விடணும். விட்டாத்தான் அடுத்த தடவ பிடிக்க முடியும். உங்களுக்கு பலம் இல்லாம இல்ல. விடத் தெரியல."

இழுப்பது விரைவில் பிடிபட்டது. விடுவதுதான் வரவில்லை. பாயில் கிடந்து, "விடு, விட்டுத் தொல" என்று தன்னையே திட்டிக்கொள்வார். முதன்முதலாக முழுவதும் விட்ட அன்று, படுத்தபடியே தூங்கிப்போனார். அடுப்பில் வைத்தது கரிந்தது. கணவர் வந்து அணைத்தார்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, நீர் நிறைத்த புட்டிகளைத் தூக்கும் பயிற்சி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் அடியைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சளி பிடித்த நாட்களில் மடித்த துண்டு இன்னும் வேண்டியிருக்கிறது. ஆனால் இஸ்திரி இயந்திரத்தின் ஓரத்தில் இப்போது ஒரு தண்ணீர்ப் புட்டி நிற்கிறது.

ஒரு காலையில் மடிக்கும் மேசைக்கு ஆள் குறைந்தது. ரேடியோ விரிப்பின் ஒரு முனையைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாகத் தடுமாறிக்கொண்டிருந்தார். அக்கா இயந்திரத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்து மறுமுனையைப் பிடித்தார்.

"முதுகு வலிக்குமே," என்றார் ரேடியோ, முகத்தைப் பார்க்காமல்.

"வலிச்சா வலிக்கட்டும். இழு."

ஒரு அடுக்கு விரிப்பு மடிந்தது. பிறகு அக்காதான் கேட்டார். "அந்த ஆளு இன்னும் தும்மல அடக்கிட்டுத்தான் திட்டுறாரா?"

ரேடியோ உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. "தும்மலெல்லாம் பழைய கதக்கா. இப்ப கொட்டாவி. நேத்து பாரு, லீவு கேட்டு நிக்கிறேன்..." என்று ஆரம்பித்தார். குரல் ஏறியது. மேற்பார்வையாளரின் வாய் ரேடியோவின் முகத்தில் திறந்து மூடியது. அக்கா விரிப்பின் இரண்டு முனைகளையும் விடாமல், நின்றபடியே சிரித்தார். மூச்சு முழுக்க வெளியே போகும்படி சிரித்தார். காலடியில் தரை காய்ந்திருந்தது.

"இரு, இரு," என்று ரேடியோ கூடையைக் கவிழ்த்து, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருடம் பார்த்த அந்த உட்காருதலை அக்கா இப்போதுதான் பார்த்தார். தொடைகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. கூடையின் விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. கதை முடிந்து எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகும் ரேடியோ எழுந்திருக்கவில்லை.

அக்கா பக்கத்தில் போய்க் குனிந்தார். "அன்னைக்கு நான் வழுக்கி விழலடி. வாளிய நானேதான் தட்டிவிட்டேன்."

ரேடியோ அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

மேலே போக வேண்டிய தள்ளுவண்டி வாசலில் நின்றது. அன்று அக்காவின் முறை. "நாலாம் மாடிக்கு இன்னைக்கு நீ கொண்டு போ. அங்க லிஃப்ட் வர நேரமாகும்," என்றார். பிசியோதெரபி அறைக்குப் போக வேண்டிய துண்டுகளை அடுக்கின் அடியிலிருந்து உருவி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். பிறகு வண்டியின் கைப்பிடியை ரேடியோவின் பக்கம் திருப்பினார்.