மைதிலியின் தண்ணீர் ரொக்கெட்

ஒரேஞ் சோடாப் "போத்தலை" எத்தனை தரம் கழுவினாலும் அடியில் ஒரு தித்திப்பு வாசம் தங்கிவிடும். அதோடு சூடேறிய சைக்கிள் பம்பின் ரப்பர் வாசமும் சேர்ந்தால், இன்றும் என் நினைவுக்கு வருவது மைதிலியின் முகமும் அதன் பின்னாலேயே அந்தப் பழைய வயிற்றெரிச்சலும்தான்.

மைதிலி என் பெரியம்மாவின் மகள். எங்கள் இருவருக்கும் பதினொரு வயதாயிருந்தபோது, படிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்து எங்கள் அடுக்குமாடி "பிளட்ஸில்" தங்கி, என் கட்டிலில் பாதியையும் என் வகுப்பில் முதலிடத்தையும் ஒரே தவணையில் எடுத்துக்கொண்டவள். "அவளும் உன்ர வயசுதானே, பார், எப்பிடி விளங்கிப் படிக்கிறாள்!" என்று அம்மா சோறு போடும்போதெல்லாம் சொல்வார்.

விண்வெளி என்றால் அவளுக்குப் பைத்தியம். பூமியைச் சுற்றிவர முதலில் ஒரு நாயை அனுப்பினார்கள், பிறகு ஒரு மனிதர் சுற்றிவிட்டு வந்தார், பிறகு மூவர் சந்திரனுக்குப் போய் இருவர் மட்டும் இறங்கி நடந்தார்கள் என்று நேரில் பார்த்தவள் போலச் சொல்வாள். மேலேயே சுற்றிக்கொண்டிருந்த அந்த மூன்றாமவர் எவ்வளவு பொறாமைப்பட்டிருப்பார் என்று நான் கேட்டதற்கு, "அவர் இல்லாட்டி மற்ற ரெண்டு பேரும் எப்பிடித் திரும்பி வாறது?" என்றாள். அந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை.

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கு அவள் தண்ணீர் ரொக்கெட் செய்தாள். ஊதிய பலூனை முடிச்சுப் போடாமல் விட்டால் காற்று பின்னால் பாய, பலூன் முன்னால் ஓடுகிறதல்லவா, அதே கதைதான்: போத்தலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று, பம்ப் அடிக்க அடிக்க நெருக்குப்பட்ட காற்று தண்ணீரைக் கீழே தள்ள, போத்தல் மேலே பாயும். நிஜ ரொக்கெட்டில் தண்ணீருக்குப் பதில் எரிபொருள் எரிந்து வரும் வாயு பாயும். வீட்டுக்குப் பின்னாலிருந்த வெறும் "வளவில்" அது மூன்றாம் மாடி வரை எழும்பியதை எல்லாரும் பல்கனியில் நின்று பார்த்தார்கள். பம்ப் அடிப்பது மைதிலி. போத்தலைத் தக்கையால் அடைத்துத் தாங்கியில் வைப்பது நான். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

கண்காட்சியன்று தண்ணீரை அளந்து ஊற்றிய கையோடு, டீச்சர் கூப்பிட்டாரென்று அவள் போனாள். போத்தலைச் சுற்றி வெள்ளித்தாள் ஒட்டியிருந்ததால் உள்ளே இருப்பது வெளியே தெரியாது. நான் அதைக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுத்து வரை நிரப்பினேன். நெருக்குவதற்குக் காற்றில்லாவிட்டால் ரொக்கெட் எழும்பாது என்பதை அவளிடம்தான் படித்திருந்தேன்.

மைதிலி பம்ப் அடித்தாள்; தக்கை கழன்றது; போத்தல் முழங்கால் உயரம்கூட எழும்பாமல் சரிந்து பாடசாலை அதிபரின் சேலையை நனைத்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், நான் எல்லாரையும் விடச் சத்தமாக. "அளவு பிழைச்சுப்போச்சு டீச்சர், என்ர பிழைதான்," என்றாள் மைதிலி. அதன்பின் அவள் ரொக்கெட்டைப் பற்றிக் கதைக்கவேயில்லை. நான் தப்பிவிட்டேன் என்றே நம்பினேன்.

இப்போது அவள் கனடாவில், ரொறொன்ரோவில் இருக்கிறாள். அந்த வளவு போய் அங்கே ஒன்பது மாடி நிற்கிறது. என் மகள் தன் தண்ணீர் ரொக்கெட்டை விடுவதற்குத் தண்டவாளம் தாண்டிக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். போன கிழமை வீடியோ கோலில் மகள் அளவு கேட்டபோது, "மூண்டில ஒரு பங்கு தண்ணி, பிள்ளை. நிரப்பினா எழும்பாது. உங்கட அம்மாட்டக் கேளுங்கோ, அவவுக்கு நல்லாத் தெரியும்," என்று சொல்லி மைதிலி சிரித்தாள்.

இத்தனை வருடமும் தெரிந்துகொண்டே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறாள். அந்த மனசும் அவளுக்குத்தானே வாய்த்தது என்று எனக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்பிடியம்மா உங்களுக்குத் தெரியும்?" என்று மகள் என் பக்கம் திரும்பினாள்.

"சித்தியின்ர ரொக்கெட்டை நான்தான் நிரப்பிக் கெடுத்தனான்," என்றேன்.

திரையில் மைதிலியின் சிரிப்பு நின்றது. "இப்பவாவது சொன்னியே," என்றாள்.