மணம் தெரியாதவர் கலக்கிய கிருமிநாசினி

என் வீட்டுக்காரர் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறார். சுங்கை லாலாங்கிலும் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களிலும் இருக்கும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். நான் பக்கத்துப் பாலர் பள்ளியில் உதவியாளர். எங்கள் இருவருக்கும் பேச நேரம் அதிகம் கிடையாது. பேச விஷயம் அதிகம் இருந்தது என்றும் சொல்ல முடியாது.

கோவிட் காலத்தில் இருவருக்கும் ஒன்றாகவே காய்ச்சல் வந்தது. வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். எனக்கு உடம்பு வலியோடு விட்டது. அவருக்கு இருமல் மட்டும் மிச்சம் இருந்தது. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலை மறுபடி திறந்தபோது, ஆள் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் வேனின் இருக்கை, கைப்பிடி எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கடையில் விற்ற ஸ்பிரே டின் சின்னது. விலையை அதன் அளவைப் பார்த்து வைத்ததாகத் தெரியவில்லை. பிளீச்சில் தண்ணீர் கலந்தால் அதே வேலையைச் செய்யும் என்று வேன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசிக்கொண்டார்களாம். மளிகைக் கடையில் துணி வெளுக்கும் பிளீச்சைப் பெரிய பாட்டிலாக வாங்கி வந்தார். எவ்வளவு கலக்க வேண்டும் என்று குழுவில் யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பின்வாசலில் உட்கார்ந்து அவர் கலந்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செடிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். கொஞ்சம் பிளீச் ஊற்றி முகர்ந்தார். யோசித்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றி முகர்ந்தார். குழம்புக்கு உப்புப் பார்ப்பவரைப் போல அவ்வளவு நிதானம். வாசம் என்னவோ ஜன்னலைத் தாண்டி எனக்கு அடித்தது. பிளீச் என்றால் அடிக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை இருக்கை நனைய நனைய அடித்துவிட்டு, கதவுகளை மூடி, வேனை எடுத்துக்கொண்டு போனார். அவர் பக்கத்துக் கண்ணாடி மட்டும் திறந்திருந்தது. பெண்கள் ஏறி உட்கார்ந்தார்கள். பெரிய சாலையைத் தொடுவதற்குள் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டி, வேனை நிறுத்தச் சொல்லிச் சாலையோரம் இறங்கி நின்றுவிட்டார்கள். அவர்களில் மூத்த அக்கா ஒருவர், கண்ணைத் துடைத்தபடியே, கோபம் இல்லாமல் சொன்னாராம்:

“அண்ணே, கோவிட்டுக்குத் தப்பிச்சு வந்துட்டோம். இதுக்குத் தப்ப மாட்டோம் போல இருக்குலா.”

அதோடு முடியவில்லை. தொழிற்சாலைச் சீருடை கருநீலம். ஈர இருக்கையில் உட்கார்ந்து போனவர்களின் சிலுவார் கால்சட்டையில் பின்பக்கம் மத்தியானத்துக்குள் வெளிர் ரோஸ் நிறத்தில் திட்டுத் திட்டாக வந்துவிட்டது. இது எந்த லைனுக்குக் கொடுத்த புது அடையாளம் என்று சூப்பர்வைசர் விசாரித்தாராம்.

சாயங்காலம் வந்து இதையெல்லாம் சொன்னார். ஏன் அவ்வளவு காரமாகக் கலந்தீர்கள் என்று கேட்டேன். காரமாகவா இருந்தது என்று திருப்பிக் கேட்டார். உண்மையிலேயே தெரியாமல் கேட்பவரின் முகம் அது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

வாரக் கடைசியில் குழுவில் ஒரு குரல்பதிவு வந்தது. பிளீச்சோடு வினிகர் சேர்த்தால் காரம் அடங்கும், கிருமியும் இரண்டு மடங்கு சாகும் என்று யாரோ ஒருவர் சொன்னார். குரலில் நல்ல நம்பிக்கை இருந்தது. என் வீட்டுக்காரர் வினிகர் பாட்டிலை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னைத் தொந்தரவு செய்யக் கூடாதாம்.

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வெங்காயத்தை மீறி ஒரு நெடி வந்தது. தொண்டை பிடித்துக்கொண்டது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், அவர் வாளிக்கு மேல் குனிந்து ஒரு குச்சியால் கலக்கிக்கொண்டிருக்கிறார். இருமுகிறார், கலக்குகிறார். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் ஓடுகிறது.

“இன்னும் சரியா கலக்கல,” என்றார்.

அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தேன். முகத்தைத் துணியால் பொத்திக்கொண்டு வழியிலிருந்த ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டேன். வாளியை யாரும் தொடவில்லை. மூச்சு விட முடியாமல் அவர் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் தன் காரில் எங்களைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். எல்லாக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினார்.

டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். மூச்சுக்கு மருந்து வைத்து, கண்ணைக் கழுவிவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிளீச்சும் வினிகரும் சேர்ந்தால் விஷவாயு வரும் என்று விளக்கினார். கழிவறை கழுவும் திரவத்தோடும் சேர்க்கக் கூடாது, தண்ணீரைத் தவிர வேறு எதனோடும் சேர்க்கக் கூடாது என்றார். பிறகு, அவ்வளவு நெடியில் எப்படி அங்கேயே நின்றீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். மின்விசிறியைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

“தாக் பாவு, டாக்டர்,” என்றார். வாசமே தெரியவில்லை என்று.

எப்போதிருந்து என்றதற்குக் காய்ச்சலிலிருந்து என்றார். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே பல விஷயங்கள் எனக்கு விளங்கின. பருப்பைத் தீயவிட்ட அன்று நல்லாயிருக்கு என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டது விளங்கியது. பால் திரிந்தது தெரியாமல் தேநீர் போட்டுக் குடித்ததும் விளங்கியது. வயதாக ஆகக் குறை சொல்வதை விட்டுவிட்டார் என்று நான் ஜெபக்கூட்டத்தில் நன்றி வேறு சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னல்கள் திறந்தே கிடந்த கூடத்தில் உட்கார்ந்தோம். கோபமும் பயமும் கலந்து வந்ததில் எதை முதலில் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

“ஏங்க சொல்லல?”

“சொன்னா இன்னும் நோவு இருக்குன்னு நெனப்பாங்க. அப்புறம் யாரு வேன்ல ஏறுவா?”

“நான் என்ன ஒங்க வேன்லயா ஏறுறேன்?”

அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, சோறு தின்பது தாளைத் தின்பது மாதிரி இருக்கிறது என்றார். அவ்வளவு நாளும் அதை என் முன்னால் உட்கார்ந்து மென்று விழுங்கியிருக்கிறார். நான் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு கலக்கும் வேலை எங்கள் இருவருக்கும் சேர்ந்த வேலையாகிவிட்டது. ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தேக்கரண்டியால் நான்கு கரண்டி பிளீச் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். கையுறை போட வேண்டும். அடித்ததும் துடைக்கக் கூடாது, கொஞ்ச நேரம் ஈரமாகவே விட்டு, பிறகு நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். அவர் அளந்து ஊற்றுவார். பிறகு பாட்டிலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் தூரத்திலிருந்தே கையால் காற்றை விசிறி முகர்ந்து, சரி என்பேன். அளந்த பிறகு முகரத் தேவையே இல்லை. அது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் தினமும் காலையில் நடந்தது. நின்றபடியே வேறு நாலு விஷயமும் பேசிக்கொண்டோம்.

வேனில் வருபவர்களிடமும் வாசம் தெரியாததைச் சொல்லிவிடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு திங்கட்கிழமை வேன் கதவருகே நின்று எல்லோரிடமும் சொன்னாராம். அந்த மூத்த அக்கா ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்:

“எனக்குந்தான் அண்ணே. பிள்ளைங்ககிட்ட கூடச் சொல்லல.”

பின்சீட்டில் இன்னொரு பெண்ணும் கையைத் தூக்கினாளாம். அதன் பிறகு வேனில் தினமும் அதே பேச்சுதான். ஒருத்தர் எலுமிச்சம்பழத் தோலை நசுக்கிக்கொண்டு வருவார், ஒருத்தர் காப்பித்தூள் கொண்டு வருவார். வாசம் தெரியாத மூவரும் முகமூடியை இறக்கி முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள்.

பல மாதங்கள் போயின. ஒருநாள் காலை வேனுக்கு முன்னால் ரப்பர் மரங்களில் உறைந்த ஒட்டுப்பாலை ஏற்றிய லோரி ஒன்று போயிருக்கிறது. ஒட்டுப்பால் நாற்றத்தை அறியாதவர்களுக்கு விளக்குவது கடினம். அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். எல்லோரும் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினார்கள். இவர் இறக்கினார். என்னண்ணே என்று அக்கா கேட்டார்.

“நாறுது,” என்றாராம்.

தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டிய சந்திப்பு வந்தது. அவர் திரும்பவில்லை. லோரிக்குப் பின்னாலேயே போனார். எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா மட்டும் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிப் பார்த்தாராம். அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. லோரி ரப்பர் ஆலைக்குள் நுழைந்து மறைந்த பிறகுதான் வேன் திரும்பியது. தாமதத்துக்கு என்ன காரணம் என்று வாசலில் கேட்டபோது, வழியில் லோரி என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

அக்காவுக்கு வாசம் அதற்கும் ரொம்ப நாள் கழித்து, கருவேப்பிலையில் தொடங்கித் திரும்பியது. என் வீட்டுக்காரருக்குப் பாதி வந்திருக்கிறது, பாதி கோணலாக வந்திருக்கிறது. காப்பி இன்றைக்கும் அவருக்குக் கருகிய செருப்பு மாதிரிதான் மணக்கிறதாம். இரண்டு கோப்பை குடிக்கிறார்.